உறைந்த மருந்து

பாக்கியலட்சுமி சிஸ்டர் வருகிற ஆகஸ்டோடு வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். பிரிவு உபசாரத்தில் நான் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மாலை போட்டு, சால்வை போர்த்தி, எல்லோரைப் பற்றியும் சொல்கிற மாதிரி ‘அயராது உழைத்தவர்’ என்று சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். ஆனால் சிஸ்டர் அயராது உழைத்தவர் இல்லை. முப்பத்தைந்து வருஷமாக அயர்ந்து அயர்ந்து உழைத்தவர். அதை மைக்கைப் பிடித்துச் சொல்ல எனக்கு வராது. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

என் பெயர் கலியமூர்த்தி. மரக்காணம் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். ஜனங்கள் இன்னமும் கம்பவுண்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் திருத்தித் திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். ஜன்னலில் உட்கார்ந்து மாத்திரை கொடுப்பது பாதி வேலை. தடுப்பூசி மருந்து இருக்கிற குளிர்ப்பெட்டியைக் காவல் காப்பது மீதி வேலை. காலையும் சாயங்காலமும் அதன் டெம்பரேச்சரை நோட்டில் குறிக்க வேண்டும். கரண்டு போனால் சாப்பாட்டுக் கையோடு ஓட வேண்டும். பதினோரு வருஷம் இந்த ஊரில் இருந்ததில் எனக்கு வளர்ந்தது கோபம் ஒன்றுதான்.

சிஸ்டர் பிரம்மதேசத்துக்காரர். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பம். பன்னிரண்டாவது முடித்ததும் நர்ஸ் டிரெய்னிங்குக்கு அனுப்பினார்கள். வேலை கிடைத்தது கடலோரத்தில். பஸ்ஸில் முக்கால் மணி நேரம்தான், ஆனாலும் அவருடைய அப்பாவுக்கு அது வேறு தேசமாகத் தெரிந்ததாம். ஒரே வருஷத்தில் உள்ளூர்ப் பக்கம் மாற்றல் வாங்கிவிடலாம் என்று சமாதானம் சொல்லித்தான் மகளை பஸ் ஏற்றிவிட்டிருக்கிறார். அந்த மாற்றல் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. கல்யாணம் ஆனது, மகன் பிறந்தான், படித்தான், சென்னைக்குப் போனான், வீட்டுக்காரர் சர்க்கரை நோயில் படுத்து எழுந்து மறுபடி படுத்தார். எல்லாமே ஒரு புதன்கிழமைக்கும் அடுத்த புதன்கிழமைக்கும் நடுவில் நடந்த விஷயங்கள். புதன்கிழமை எங்களுக்கு ஊசி நாள்.

அவர் வேலையில் சேர்ந்தபோது ஆறு நோய்க்குத்தான் தடுப்பு மருந்து. எலும்புருக்கி, போலியோ, அம்மை, பிறகு தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி மூன்றுக்கும் சேர்த்து ஒரு முத்தடுப்பு ஊசி. அப்புறம் மஞ்சள் காமாலைக்கு ஒன்று வந்தது. பிறகு ஐந்து நோய்களை ஒரே ஊசியில் அடைத்து பெண்டா என்று கொடுத்தார்கள். வயிற்றுப்போக்குக்குச் சொட்டு மருந்து வந்தது, நிமோனியாவுக்கு ஊசி வந்தது. ஒவ்வொன்று வரும்போதும் ஒரு பயிற்சி வகுப்பு, ஒரு புது நோட்டு, கம்ப்யூட்டரில் நிரப்ப ஒரு புதுக் கட்டம். மருந்து கூடியது, நோட்டு கூடியது. நடக்கிற ஆள் மட்டும் அதே ஆள். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள்.

இதனால் எல்லாம் என்ன நடந்தது என்று கேட்டால், எதுவும் நடக்கவில்லை என்பதுதான் பதில். முன்பெல்லாம் பங்குனி, சித்திரை வந்தால் இந்தக் கடலோரக் குப்பங்களில் தெருவுக்கு நாலு வாசலில் வேப்பிலை செருகியிருக்கும். சிஸ்டர் பார்த்திருக்கிறார். இப்போது அப்படி வாசலைப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது என்று யாருக்கும் ஞாபகமில்லை. வராத நோயை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? ஊசி போட்ட அன்றைக்குப் பிள்ளைக்கு வந்த காய்ச்சல்தான் கண்ணுக்குத் தெரிகிறது. அந்தக் காய்ச்சலுக்கான வசவு முழுவதும் சிஸ்டருக்கு.

ஒரே ஒரு பிள்ளையின் கதையை மட்டும் அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார், அதுவும் ஒரே ஒரு தடவை. வேலைக்கு வந்த முதல் வருஷம். மூன்று மாதக் குழந்தை, கக்குவான் இருமல். இருமி இருமி முகம் நீலம் பூத்துவிட்டது. அம்மாக்காரிக்குத் துணையாக சிஸ்டரும் புதுச்சேரிக்கு பஸ் ஏறியிருக்கிறார். குழந்தையை மாற்றி மாற்றி மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பெரிய முதலியார்சாவடி தாண்டும்போது குழந்தை சிஸ்டர் மடியில் இருந்தது. இருமல் நின்றது. தூங்கிவிட்டது என்று அம்மாக்காரி நினைத்தாளாம். பஸ் நிலையம் வரும்வரைக்கும் சிஸ்டர் வாயைத் திறக்கவில்லை.

இதைச் சொல்லிவிட்டு அன்றைக்கு வரவேண்டிய மருந்துக் கணக்கைக் கேட்டார். அவர் அப்படித்தான்.

இனி மலர்கொடியின் விஷயத்துக்கு வருகிறேன். சிஸ்டரின் பொறுப்பில் கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஓர் ஊர் இருக்கிறது. ஓடைமேடு என்று வைத்துக்கொள்வோம், நிஜப் பெயர் வேண்டாம். ஊரில் பாதிப் பேர் உப்பளத்தில் வேலை பார்ப்பவர்கள். மலர்கொடி உப்பு வாருகிறவள். பலகையால் பாத்தியில் உப்பை இழுத்து வரப்பில் குவிக்க வேண்டும், பிறகு கூடையில் அள்ளித் தலையில் தூக்கிப்போய் அம்பாரத்தில் கொட்ட வேண்டும். அவளுடைய மூத்த பெண் அஸ்வினிக்கு நாலு வயது. அந்தப் பெண்ணுக்குக் கைக்குழந்தையில் போட்ட பெண்டா ஊசி தொடையில் கட்டியாக வீங்கிச் சீழ் வைத்து, தனியார் ஆஸ்பத்திரியில் கீறி எடுக்கும்படி ஆகிவிட்டது. ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு அப்படி ஆவதுண்டு. அதற்குப் பிறகு மலர்கொடி ஊசி என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை. இப்போது இரண்டாவதாக ஒரு ஆண் குழந்தை, ஐந்து மாதம். பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் போட்டதோடு சரி. ஒன்றரை மாதத்தில் போட வேண்டியது போடவில்லை, இரண்டரையில் இல்லை, மூன்றரையில் இல்லை.

சிஸ்டர் அந்த வீட்டுக்கு எத்தனை தடவை நடந்திருப்பார் என்பதற்கு நோட்டில் தேதி இருக்கிறது. நான் எண்ணிப் பார்த்ததில்லை. முதலில் மலர்கொடி கதவைச் சாத்தினாள். அப்புறம் கதவைச் சாத்தாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். அப்புறம் தண்ணீர் கொடுத்தாள், ஆனால் ஊசி வேண்டாம் என்றாள். அவள் வீட்டுக்காரன் ராஜவேல் லோடு வண்டியில் போகிறவன். அவள் சொல்வதுதான் அவனுக்கும் முடிவு. கடைசியாக ஒரு நாள், “சரி, போட்டுத் தொலைங்க, ஆனா வேலைக்குப் போவாம ஆஸ்பத்திரில வந்து காத்துனு கெடக்க என்னால ஆவாது” என்றாளாம்.

அதில் நியாயமும் இருந்தது. உப்பு விளைகிற மாதங்களில் பெண்கள் விடியற்காலை நாலு மணிக்கே உப்பளத்துக்குப் போய்விடுவார்கள். வெயில் ஏறிவிட்டால் அங்கே நிற்க முடியாது, தரையெல்லாம் வெள்ளை, கண் கூசும். வீடு திரும்பப் பதினொன்று பதினொன்றரை ஆகும். சிஸ்டர் ஒன்பது மணிக்கு ஊருக்குள் போய்ப் பூட்டிய கதவுகளைப் பார்த்துவிட்டு வருவார். அதனால் அவரே ஒரு வழி செய்தார். கைப்பிள்ளைகளைத் தூளியில் போட்டுவைக்கிற, உப்பு மூட்டை கட்டுகிற கொட்டகையிலேயே, பதினோரு மணிக்கு, வேலை முடிந்து வருகிற வழியிலேயே ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. மே மாதத்து வெயிலில் மருந்துப் பெட்டி மூன்று மணி நேரம் தாங்க வேண்டும் என்பது மட்டும்தான் சிக்கல்.

மருந்துப் பெட்டி என்பது ஒரு நீலப் பெட்டி. அதற்குள் நாலு பக்கமும் ஐஸ்பேக். தட்டையான பிளாஸ்டிக் டப்பா, உள்ளே வெறும் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் கட்டியாக்கி வைத்திருப்போம். நடுவில் மருந்துக் குப்பிகள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே வைத்துவிடக் கூடாது. பெண்டா மாதிரி மருந்து சூட்டில் மெதுவாகத்தான் கெடும். உறைந்தால் உடனே கெட்டுவிடும். அதனால் ஐஸ்பேக்கை மேஜையில் வைத்துக் காத்திருந்து, கையில் எடுத்து ஆட்டிப் பார்த்து, உள்ளே தண்ணீர் சளசளக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் பெட்டிக்குள் அடுக்க வேண்டும். அரை மணி, முக்கால் மணி ஆகும். ஒவ்வொரு புதன்கிழமையும் எனக்குக் கழுத்தறுப்பு அது.

முதல் தடவை கொட்டகையில் ஏற்பாடு செய்தபோது ஐஸ் முழுவதும் உருகி, மருந்தைத் திருப்பிக் கொண்டுவரும்படி ஆகிவிட்டது. டாக்டரம்மா சிஸ்டரைப் பிடித்து எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டார். அதைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றவர் குழந்தைசாமி. எங்கள் நிலையத்தில் தற்காலிகப் பணியாளர், ஐம்பது வயதுக்கு மேல். பெருக்குவது, கழுவுவது, ஐஸ்பேக்கில் தண்ணீர் பிடித்து ஃப்ரீசரில் வைப்பது எல்லாம் அவர்தான். அதற்கு முன்னால் மீனுக்கு ஐஸ் கொடுக்கிற கம்பெனியில் பதினைந்து வருஷம் ஐஸ் பாளம் உடைத்தவர். அவருக்குப் பாவமாக இருந்திருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து மறுபடி கொட்டகையில் ஊசி. அன்றைக்குக் காலையில் ஐஸ்பேக்கை எடுத்து ஆட்டினேன். எடுத்த எடுப்பிலேயே உள்ளே தண்ணீர் சத்தம் கேட்டது. ராத்திரி கரண்டு போயிருக்கும், அதனால் ஃப்ரீசரில் சரியாகக் கட்டியாகவில்லை என்று நினைத்தேன். உண்மையைச் சொல்வதென்றால் அவ்வளவு தூரம்கூட நினைக்கவில்லை. இன்றைக்கு முக்கால் மணி காத்திருக்க வேண்டாம் என்ற சந்தோஷம்தான். அடுக்கி, மூடி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

கொட்டகையில் நடந்ததை நான் பார்க்கவில்லை, சிஸ்டர் சொன்னதுதான். அன்றைக்கு உப்பு ஏற்ற லாரி வந்து நின்றதால் பெண்கள் வரத் தாமதமாகியிருக்கிறது. இதோ வந்துவிடுவார்கள் என்று சிஸ்டர் முதல் பெண்டா குப்பியை முன்னதாகவே எடுத்துப் பெட்டியின் மேல், குப்பியை நிறுத்துவதற்கென்று இருக்கிற பஞ்சில் செருகி வைத்திருந்தார். குப்பி வழக்கத்தைவிடச் சில்லென்று இருந்ததாம், உள்ளே உற்றுப் பார்க்கவில்லை. இந்த வெயிலில் இது நல்லதுதான் என்று நினைத்திருக்கிறார். ஒரு குப்பியில் பத்துக் குழந்தைகளுக்குப் போடலாம். பதினோரு குழந்தைகள். மலர்கொடி வந்தாள். உப்பு படிந்த காலோடு ஓரமாக நின்று, மற்ற பிள்ளைகளுக்குப் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பத்தாவதாகப் பிள்ளையை நீட்டினாள். ஊசி ஏறும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளை வீறிட்டு அழுதது. சிஸ்டர் கார்டில் தேதி போட்டுக் கொடுத்தார்.

பதினோராவது குழந்தைக்கு இரண்டாவது குப்பியைப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்தபோது அதற்குள் ஐஸ் இருந்தது.

சிஸ்டர் அந்தக் குழந்தையைத் திருப்பி அனுப்பிவிட்டு, முதல் குப்பியின் அடியில் மிஞ்சியிருந்த கொஞ்ச மருந்தை ஆட்டிக் கீழே வைத்துப் பார்த்திருக்கிறார். நல்ல மருந்தாக இருந்தால் வெகுநேரம் பால் மாதிரி கலங்கியே இருக்கும். உறைந்து உருகிய மருந்து சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி துகள்துகளாக அடியில் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்துவிட்டது. அதுவும் உறைந்து, பஞ்சில் இருந்த நேரத்தில் உருகிய மருந்துதான்.

அன்று மதியம் இரண்டு குப்பிகளையும் என் ஜன்னலில் கொண்டுவந்து வைத்தார். பெட்டியைத் திறந்து ஐஸ்பேக்கின் மூடியைத் திருகி, உள்ளே இருந்த தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். இந்தப் பக்கத்தில் எந்தத் தண்ணீரும் கொஞ்சம் உப்பாகத்தான் இருக்கும். இது அந்த உப்பு இல்லை. வாய் கரித்தது.

குழந்தைசாமியைக் கூப்பிட்டேன். அவர் மறைக்கவே இல்லை. பெருமையாகக்கூடச் சொன்னார். ஐஸ் கம்பெனியில் பெரிய தொட்டி நிறைய உப்புத் தண்ணீர் இருக்கும். அந்த உப்புத் தண்ணீருக்குள் டப்பாவை இறக்கினால்தான் டப்பாவில் ஐஸ் பிடிக்கும். உப்புத் தண்ணீரின் குளிர்ச்சிக்கு வெறும் தண்ணீர் கிட்டே வர முடியாது. “அன்னிக்கு சிஸ்டரம்மா திட்டு வாங்கினாங்களே சார். அதான் ஒவ்வொரு டப்பாவுக்கும் ரெண்டு கை கல்லுப்பு போட்டேன். இனிமே ஐஸ் உருகாது.” உப்புத் தண்ணீர் முழுசாகக் கட்டியாகாது என்பதும், அதனால்தான் எனக்கு எடுத்த உடனே சளசளப்புக் கேட்டது என்பதும், கட்டியாகாமலே அது வெறும் ஐஸைவிடக் குளிர்ந்திருக்கும் என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நான் கத்தினேன். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவருக்கு என்ன தப்பு என்றே முதலில் புரியவில்லை. புரிந்தபோது வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார். சிஸ்டர் அவரைத் திட்டவில்லை. கடைசியில் என்னைத்தான் பார்த்தார். ஆட்டிப் பார்த்தவன் நான், காத்திருக்காமல் அடுக்கியவன் நான், கையெழுத்துப் போட்டவனும் நான்.

அடுத்து நான் சொன்னதை எழுதாமல் விட்டுவிடலாம். ஆனால் அதை விட்டுவிட்டு சிஸ்டரைப் பற்றி என்ன எழுதுவது? குரலைத் தாழ்த்திச் சொன்னேன். உறைந்த மருந்தால் பிள்ளைகளுக்குக் கெடுதல் ஒன்றுமில்லை, பலன்தான் இருக்காது. இருபத்தெட்டு நாளில் அடுத்த டோஸ் வரும், அதற்கடுத்த மாதம் இன்னொன்று. மூன்றில் ஒன்று வீணானாலும் மீதி இரண்டு இருக்கிறது. அந்தக் குப்பிகளை உடைந்ததாகக் காட்டிவிடலாம். உங்களுக்கு இன்னும் மூன்று மாதம்தான், எதற்கு இந்த நேரத்தில் வம்பு என்றேன். மலர்கொடியைப் பற்றியும் சொன்னேன். இத்தனை மாதம் நடந்து கரைத்துக் கொண்டுவந்த பெண், அவளிடம் போய் அந்த ஊசி வெறும் தண்ணீர் என்று சொன்னால் இனி வாசல்படி மிதிக்க விடுவாளா?

சிஸ்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

“கார்டுல தேதி போட்டுக் குடுத்திருக்கேன் சார். அந்தக் கார்ட நம்பித்தான் அந்தப் பொண்ணு இனிமே புள்ளைக்கு ஒண்ணும் வராதுன்னு நெனச்சினு இருப்பா. எனக்கும் முடியல. இன்னொரு தடவ அந்த வாசல்ல போய் நிக்க தெம்பு இல்ல. ஆனா சொல்லாம இருக்கறதுக்கும் தெம்பு வேணும் இல்ல, அது எங்கிட்ட சுத்தமா இல்ல.”

எழுந்து டாக்டரம்மாவின் அறைக்குப் போனார். நான் பின்னால் போகவில்லை. அந்த பஸ்ஸும் மடியில் கிடந்த குழந்தையும் எனக்கு அப்போது ஞாபகத்துக்கு வந்தன, ஆனால் அதற்காக நான் எழுந்து போனேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

டாக்டரம்மா மாவட்டத்துக்குப் பேசினார். இரண்டு நாளில் பதில் வந்தது: அந்த டோஸைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், வருகிற புதன்கிழமை பத்துப் பேருக்கும் மறுபடி போடுங்கள். எனக்கு ஒரு மெமோ வந்தது. குழந்தைசாமியை நிறுத்திவிடலாம் என்ற பேச்சு எழுந்தபோது, ஐஸ்பேக்கில் உப்புப் போடக் கூடாது என்று அவருக்கு யார் சொன்னது என்று சிஸ்டர் கேட்டார். யாரும் சொல்லவில்லை. நான்தான் சொல்லியிருக்க வேண்டும். அவர் வேலையில் இருக்கிறார்.

பிறகு சிஸ்டர் வீடு வீடாகப் போனார். ஒன்பது வீட்டில் சொன்னார். சிலர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். ஒருத்தி, பிள்ளைக்கு ராத்திரியெல்லாம் காய்ச்சல் அடித்ததே, அதுவும் வீண்தானா என்று கேட்டாளாம். உள்ளே போன மருந்து ஏதாவது செய்யுமா என்று எல்லோரும் கேட்டார்கள். ஒன்றும் செய்யாது, நல்லதும் செய்யாது என்று ஒன்பது தடவை சொன்னார். ஒன்பது பேரும் மூக்கால் அழுதுகொண்டே சரி என்றார்கள். மலர்கொடியின் வீட்டை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தார். போனபோது வீடு பூட்டியிருந்தது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, உப்பளத்திலேயே போய்ப் பார்த்துவிடலாம் என்று எனக்குப் போன் செய்தார். முழங்கால் வீங்கியிருக்கிறது, வண்டியில் கொண்டுபோய் விடுங்கள் என்றார். கூப்பிட்டது வண்டிக்காக மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

கால்வாயைத் தாண்டியதும் தார் ரோடு முடிந்துவிடும். வண்டியை நிறுத்திவிட்டு வரப்பில் நடந்தோம். மலர்கொடி பாத்திக்குள் நின்று பலகையை இழுத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் நிறுத்தவில்லை. அந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

சிஸ்டர் சுற்றி வளைக்கவில்லை. ஐஸில் உப்பு விழுந்தது, மருந்து உறைந்தது, உன் பிள்ளைக்குப் போட்டது கெட்டுப்போன மருந்து, அதில் கெடுதல் இல்லை, ஆனால் பாதுகாப்பும் இல்லை, மறுபடி போட வேண்டும், தப்பு எங்களுடையது. நின்றபடியே இவ்வளவும் சொன்னார்.

மலர்கொடி பலகையில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள். “நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்காது.”

“இவரு எதுக்கு வந்திருக்காரு?”

“ஐஸ் வைக்கறது இவரு பொறுப்பு. அத உங்கிட்ட சொல்றதுக்கு வந்திருக்காரு” என்றார் சிஸ்டர், என்னைத் திரும்பிப் பார்க்காமல்.

எனக்குக் கோபம் வந்தது. பிறகு அது எங்கே போனது என்று தெரியவில்லை. நான் சரியாகப் பார்க்காமல் வைத்துவிட்டேன் அம்மா, என் தப்புதான் என்று சொன்னேன். பதினோரு வருஷத்தில் மருந்து வாங்க வந்த யாரிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை.

மலர்கொடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிஸ்டரிடம் பேசினாள், ஆனால் பார்வையை என்மேலிருந்து எடுக்கவில்லை.

“பெரியவளுக்குக் கால் வீங்கனப்ப இவருகிட்டதான் தூக்கினு போனேன் சிஸ்டரு. நீங்க அன்னிக்கு லீவு. புள்ள கால நீட்ட முடியாம கத்துது. இவரு குனிஞ்ச தல நிமிரல. ஊசி போட்டா அப்படித்தான் இருக்கும், போ போன்னு ரெண்டு மாத்திரய ஜன்னல் வழியா தள்ளினாரு. மறுநாளும் போனேன். மறுநாளும் அதேதான். மூணாம் நாளு சீழு வெச்சிடுச்சி.” பலகையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். “ஊசின்னா எனக்கு பயம்னு நீங்களும் எத்தினியோ மாசமா வந்து எடுத்துச் சொல்லினு இருந்தீங்க. எனக்கு ஊசிமேல பயம் இல்ல. ஏதாச்சும் ஒண்ணுன்னா போய்க் கேக்க ஆள் இல்லியேன்னுதான் பயம்.”

சிஸ்டர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். முழங்கால் வலியா, வேறு எதுவுமா என்று எனக்குத் தெரியாது. அத்தனை தடவை நடந்தும் இதை ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று கேட்டார். நீங்களும் அவரும் ஒரே ஆஸ்பத்திரி தானே, உங்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று மலர்கொடி சொன்னாள்.

நான் ஞாபகப்படுத்திப் பார்த்தேன். மனசாட்சிப்படி சொல்கிறேன், ஒன்றுமே ஞாபகத்துக்கு வரவில்லை. ஒரு நாளைக்கு இருநூறு பேர் அந்த ஜன்னலுக்கு வருகிறார்கள். இருநூறு கைகள்தான் எனக்குத் தெரியும்.

“எனக்கு ஞாபகம் இல்லம்மா” என்றேன்.

“எனக்கு இருக்குது” என்றாள்.

பக்கத்துப் பாத்தியில் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் எங்களைப் பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். பிறகு மலர்கொடியே சொன்னாள். புதன்கிழமை பிள்ளையைக் கொண்டுவருகிறேன். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் இவர் என் வீட்டுக்கு வந்து பிள்ளையின் காலைப் பார்க்க வேண்டும், மறுநாளும் வர வேண்டும். சிஸ்டர் நான் வருகிறேனே என்றார். நீங்கள் வருவீர்கள் என்று எனக்குத் தெரியும், இவர் வரட்டும் என்றாள்.

புதன்கிழமை ஐஸ்பேக்கை ஐம்பது நிமிஷம் மேஜையில் வைத்துக் காத்திருந்தேன். முந்தின நாளே ஒவ்வொரு டப்பாவிலும் தண்ணீர் பிடித்ததை நின்று பார்த்தேன். குழந்தைசாமி ஒவ்வொன்றையும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் நீட்டினார். கொட்டகைக்கு நானும் போனேன். பதினோரு குழந்தைகளும் வந்தார்கள். மலர்கொடி இந்தத் தடவை ஓரமாக நிற்கவில்லை, வந்த வரிசையிலேயே நின்றாள். ஊசி போட்டு முடித்ததும் சிஸ்டர் பழைய தேதியை அடித்துவிட்டுப் புதுத் தேதி எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். கார்டில் அடித்தல் திருத்தல் கூடாது என்று எங்களுக்குச் சுற்றறிக்கையே உண்டு.

சாயங்காலம் ஐந்தரைக்கு நான் ஓடைமேட்டுக்குப் போனேன். மலர்கொடி பிள்ளையைப் பாயில் கிடத்தியிருந்தாள். குனிந்து உட்கார்ந்து தொடையைத் தொட்டுப் பார்த்தேன். ஊசி போட்ட இடம் லேசாகத் தடித்திருந்தது, சூடு இல்லை. ஈரத்துணி வைக்கச் சொன்னேன். காய்ச்சல் வந்தால் சொட்டு மருந்து எத்தனை சொட்டு என்று பிள்ளையின் எடையைக் கேட்டுச் சொன்னேன். என் போன் நம்பரைக் கொடுத்தேன். எந்த நேரமானாலும் கூப்பிடு என்றேன். இவ்வளவுக்கும் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

மூத்தவள் அஸ்வினி வாசலில் இன்னொரு பெண்ணோடு விளையாடிக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிடு, அந்தக் காலையும் ஒரு தடவை பார்க்கிறேன் என்றேன்.

“நாலு வருஷம் கழிச்சி என்னா சார் பாக்கப் போறீங்க” என்றாள் மலர்கொடி. கோபமாகச் சொல்லவில்லை. விடியற்காலை நாலு மணியிலிருந்து நின்ற களைப்பு மட்டும்தான் அந்தக் குரலில் இருந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உலை வைக்க உள்ளே போய்விட்டாள்.